மீதித் துண்டு எங்கே?

"துணியக் குடுங்க. கடைசியா தைச்சது."

தையல் மிஷின் ரிப்பேருக்கு என்று கூப்பிட்டால் மனிதர் மிஷின் பக்கமே திரும்ப மாட்டார். முதலில் துணியைத்தான் கேட்பார். வாங்கியதும் மேல் பக்கத்தை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் திருப்புவார். ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடித் தையலின் மேல் கட்டை விரல் நகத்தை வைத்து, எறும்பு போகிற வேகத்தில் இழுத்துக்கொண்டே போவார். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கே நிற்பார். "ம்" என்பார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று வீட்டுக்காரம்மா பதறினால், "மேல் பக்கம் விருந்தாளிக்கும்மா. அடிப்பக்கம்தான் நமக்கு" என்பார்.

இதனாலேயே எங்கள் தெருக்களில் அவருக்கு "அடிப்பக்கம்" என்று பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். கேட்டவர் யாருமில்லை. "அடிப்பக்கத்த வரச் சொல்லு, நூல் கொத்துது" என்பார்கள். அவரும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார்.

பழக்கம் துணியோடு நிற்பதில்லை. டீக்கடையில் கிளாஸைக் காலி செய்ததும் கவிழ்த்து அடியைப் பார்த்துவிட்டுத்தான் மேஜைமேல் வைப்பார். நாற்காலி போட்டால் குனிந்து அதன் கீழே ஒரு பார்வை, அப்புறம்தான் உட்காருவார். வீட்டிலும் தட்டு வைத்ததும் திருப்பிப் பார்ப்பாராம். "சோறு போட்டதுக்கு அப்புறம் திருப்பாம இருக்காரே, அதுவரைக்கும் என் புண்ணியம்" என்று அவர் மனைவி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். நெட்டை, ஒல்லி. மிஷின்களின் மேல் குனிந்து குனிந்து முதுகு கொக்கி மாதிரி ஆகிவிட்டது. ஊரெல்லாம் தையலைச் சரிசெய்கிறவரின் சட்டையில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் இருக்காது. கேட்டால், "பொத்தான் தைக்க மிஷின் ஆகாதுங்க, கை வேணும். என் கை எங்க என் வீட்டுல இருக்கு?" என்பார். என் வீட்டுக்காரி இந்த வருடம் ஒரு முறை வம்படியாகச் சட்டையோடு நிற்க வைத்துப் பொத்தானைத் தைத்து அனுப்பினாள். அடுத்த தடவை வந்தபோது அதே இடம் காலி.

பழைய கார் சீட் உறையை வெட்டி அவரே தைத்த ஒரு பை சைக்கிள் கம்பியில் தொங்கும். உள்ளே திருப்புளிகள், முகச்சவரம் செய்யும் பழைய பிரஷ், கொக்கு மூக்கு வைத்த எண்ணெய் டப்பா, தீப்பெட்டியில் அடுக்கிய ஊசிகள். உடைந்துபோன பைக்கிலிருந்து கழற்றிய வட்டக் கண்ணாடி ஒன்றும் இருக்கும். மிஷினைச் சாய்க்காமலேயே அதன் வயிற்றுக்குள் பார்க்க அது. எல்லாவற்றுக்கும் மேலே, நீளமான கயிற்றில் கட்டிய ஒரு காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த தடித்த வளையம். துணியைப் பார்த்து முடித்ததும் அவர் செய்கிற இரண்டாவது வேலை, அந்தக் காந்தத்தை மிஷினைச் சுற்றித் தரையில் இழுத்துக்கொண்டே ஒரு வட்டம் போவது. நாயை உலாத்தக் கூட்டிப்போகிற மாதிரி இருக்கும். பார்க்கிற பிள்ளைகள் சிரிக்கும். வட்டம் முடிந்து காந்தத்தைத் தூக்கினால் குண்டூசியும் ஊக்கும் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள்.

பத்து வீட்டில் ஒன்பது வீட்டில் மிஷினுக்கு ஒரு நோயும் கிடையாது என்பது அவர் கட்சி. ஊசியைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். இல்லையென்றால் நூல் ஒரு கொக்கியைத் தாண்டிப் போயிருக்கும். அதுவும் இல்லையென்றால் துணியைத் தள்ளுகிற பல்லுக்கடியில் பஞ்சு. தகட்டைக் கழற்றி, பிரஷால் நெம்பி, அப்பளம் மாதிரி இறுகிப்போன பஞ்சை எடுத்து வீட்டுக்காரம்மாவின் உள்ளங்கையில் வைப்பார். "இந்தாங்க, உங்க வீட்டுப் பூனை. இந்தப் பச்சை போன வருஷப் பாவாடை. இந்த நீலம் அண்ணனோட சட்டை. இவ்வளவும் தின்னுட்டுத்தான் இது ஓடாம படுத்துக்கிச்சு."

நூல் அறுந்தால் உடனே முன்னாலிருக்கிற திருகாணியை இறுக்குகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "தலைவலின்னா காதப் புடிச்சுத் திருகுவீங்களா? அப்புறம் இத மட்டும் ஏன் திருகறீங்க?" ஒரே ஊசியை வருடக்கணக்கில் வைத்திருக்கிறவர்களிடம், வயதான அம்மாவாக இருந்தாலும் விட மாட்டார். "ஊசி என்ன புருஷனா, மழுங்கினாலும் வெச்சுக் குடும்பம் நடத்த? மாத்துங்கம்மா." அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். உள்ளே பேப்பர் படிக்கிற புருஷன் இருமுவார்.

எண்ணெய் விஷயத்தில் மூக்குதான் அவருக்கு. துளையில் விரலை வைத்து எடுத்து முகர்ந்து பார்த்து, "இது தலைக்கா, தாளிக்கவா?" என்பார். வீட்டில் கைக்குக் கிடைக்கிற எண்ணெயை விட்டால் அது உள்ளே போய்ப் பிசின் மாதிரி காய்ந்து, சக்கரத்தைக் கட்டிப் போட்டுவிடும். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, அழுக்கு கருப்பாக வழிகிறவரை ஓட்டி, துடைத்து, அப்புறம் மிஷின் எண்ணெயை ஒரு துளைக்கு ஒரு சொட்டு. இரண்டாவது சொட்டு கிடையாது. "ஒரு சொட்டு மருந்து. ரெண்டு சொட்டு கறை."

வேலை முடிகிறவரை டீ குடிக்க மாட்டார். மூன்று முழம் தைத்து, நகம் தட்டாமல் அடிப்பக்கம் போனால்தான் டம்ளரைத் தொடுவார். தைக்கிறதும் அவர் இல்லை. வீட்டுக்காரம்மாதான் தைக்க வேண்டும். "நான் தைச்சா எனக்கு ஓடும். நாளைக்கு நானா வந்து உக்காரப் போறேன்? நீங்க உக்காருங்க." அவர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, மிதிக்கிற காலையும் சுற்றுகிற பெல்ட்டையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு பெரிய ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடம் மெக்கானிக்காக இருந்தார். அறுநூறு மிஷின். அங்கே ஒரு சட்டம். ஊசி உடைந்தால் சும்மா இன்னொன்றை மாட்ட முடியாது. உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடிக் கொண்டுவந்து, ஒரு காகிதத்தில் வரிசையாக வைத்து, மேலே டேப் ஒட்டி, முழு ஊசியின் நீளம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால்தான் புது ஊசி. வராவிட்டால் அந்த வரிசையே நிற்கும். ஒரு தடவை ஒரு நுனிக்காக இருநூறு சட்டையைப் பிரித்து உதறியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு கைக்குழந்தைச் சட்டையின் கழுத்து மடிப்பில் இருந்ததாம். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும். "கழுத்துல, அண்ணே. இங்க." தன் கழுத்தைத் தொட்டுக் காட்டுவார்.

தொழிற்சாலையை விட்டு வந்தும் சட்டத்தை விடவில்லை. எந்த வீட்டில் உடைந்த ஊசியைப் பார்த்தாலும் கேட்பார், "மீதித் துண்டு எங்க?" குப்பையில் போயிருக்கும் என்பார்கள். "போயிருக்கும்னா? பாத்தீங்களா?" என்பார். ஊரில் பாதிப் பேருக்கு இது எரிச்சல். ஒரு ஊசி முனைக்கு இவ்வளவு விசாரணையா என்று நானும் எரிச்சல்பட்டவன்தான்.

நான் லாரி ஓட்டுகிறவன். என் வீட்டுக்காரி பதினெட்டு வருடமாக வீட்டிலேயே மிதி மிஷினில் தைக்கிறாள். தலையணை உறை, திரைச்சீலை, பக்கத்து வீட்டுப் பெண்களின் உடுப்பு. அவள் தைப்பதை நான் கவனித்ததில்லை. சுவர்க்கடிகாரச் சத்தத்தைக் கவனிக்கிறோமா? அது மாதிரி. போன வருடம் ஒரு விடுதிக்கு நாற்பது தலையணை உறை தைக்க ஒப்புக்கொண்டிருந்தாள். அந்தச் சமயம் மிஷின் திடீரென்று சண்டித்தனம் செய்தது. ஒவ்வொரு தையலின் ஆரம்பத்திலும் அடியில் நூல் கூடு கட்டியது. நூல் அறுந்தது. கோத்துக் கோத்து அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"தள்ளு. நான் பாக்கறேன்" என்றேன்.

"உங்களுக்கு இது தெரியாதுங்க. அடிப்பக்கத்த வரச் சொல்லலாம்."

"பத்து சக்கரம் ஓட்டுறவனுக்கு ஒத்தச் சக்கரம் பெரிசா?"

மூன்று நாள் கழற்றினேன். பெல்ட்டை வெட்டிச் சின்னதாக்கினேன். தெரிந்த திருகாணியையெல்லாம் இறுக்கினேன். தெரியாததையும் இறுக்கினேன். லாரியிலிருந்து எஞ்சின் ஆயில் கொண்டுவந்து, துளை துளையாகக் குளிப்பாட்டினேன். மாட்டி முடித்ததும் ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இப்ப ஓட்டு" என்றேன். கூடு இன்னும் பெரிதாகக் கட்டியது. "மிஷின்ல ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் வயசாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். அந்த வார்த்தையை இன்றைக்கு எழுதும்போதும் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் அடிப்பக்கம் வந்தார். அவள்தான் எதிர் வீட்டு டீச்சரிடம் சொல்லி வரவழைத்திருந்தாள். பையைக்கூட இறக்கவில்லை. மூக்கை உறிஞ்சினார்.

"அண்ணே, லாரி ஓட்டுறீங்களா?"

"ஆமா. யாரு சொன்னா?"

"மிஷின் சொல்லுது. டீசல் வாசனை அடிக்குது."

டீச்சர் வாசலில் நின்று சிரித்துத் தொலைத்தார். நான் மிச்சத் திருகாணியை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. அது பெரிய மனது.

துணியைக் கேட்டார். திருப்பினார். நகத்தை ஓட்டினார். ஆரம்பத்தில் தட்டியது, நின்றார். அப்புறம் ஒரு முழம் சீராக ஓடியது. துணியைத் திருப்பிவிட்டு மறுபடி தொடங்கிய இடத்தில் மீண்டும் தட்டியது. ஐந்தாறு உறையையும் இப்படியே பார்த்தார்.

"தையல் நல்லா இருக்கு. ஆரம்பம் மட்டும்தான் கெட்டுப்போகுது. ஒவ்வொரு ஆரம்பமும்" என்றார். "அம்மா, எத்தன வருஷமா தைக்கறீங்க?"

"பதினெட்டு."

"இது புதுசா கத்துக்கறவங்க தப்பு. மிதிக்கத் தெரியாம சக்கரம் பின்னால சுத்தும்போது நூல் இப்படிக் கொத்தும். பதினெட்டு வருஷம் மிதிச்ச காலு இதச் செய்யாது." அவளை உட்காரச் சொன்னார். "மிதிங்க பாப்போம்."

அவர் தரையில் உட்கார்ந்து பார்த்தார். அவள் மிதித்தாள். சக்கரம் ஒரு கணம் பின்னால் போய், பிறகு முன்னால் வந்தது. நிறுத்தச் சொன்னார். மறுபடி மிதித்தாள். மறுபடியும் பின்னால்.

"உங்களுக்குத் தெரியலையாம்மா, பின்னால போறது?"

"இல்லையே. சரியாத்தான மிதிக்கறேன்?"

அவர் "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை. எழுந்து காந்தத்தை எடுத்து வட்டம் போனார். இரண்டு குண்டூசி வந்தது. மிஷின் டிராயரைத் திறந்து பார்த்தார். நூல்கண்டுகளுக்கு நடுவே ஊசியின் மேல் பாதி ஒன்று கிடந்தது.

"இது எப்ப உடைஞ்சுது?"

"போன வாரம், ஓரத் தையல் தடிமனா இருந்துச்சு."

"மீதித் துண்டு எங்க?"

"தேடினேண்ணா. கிடைக்கல. பெருக்கறப்ப போயிருக்கும்."

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பிரசங்கம் வரும். அன்றைக்கு வரவில்லை. பையிலிருந்து வட்டக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு மிஷினுக்கு அடியில் போனார். இரும்பு மிதியின் மேல் முகத்தை வைத்து என்னவோ பார்த்தார். "அண்ணே, இங்க வாங்க" என்றார். குனிந்தேன். மிதியின் வலது பக்கத்தில், பெருவிரல் படுகிற இடத்தில், கருப்புப் பெயிண்டைச் சுரண்டிப் பளபளவென்று புதுக் கீறல்கள். பத்துப் பன்னிரண்டு இருக்கும். எல்லாம் ஒரே இடத்தில்.

அவர் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அம்மாவோட வலது காலடிய நீங்க பாருங்க. நான் பாக்கறது முறையில்ல" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அவள் காலை என் மடியில் தூக்கி வைத்தேன். பெருவிரலுக்குக் கீழே, காய்ப்பு விழுந்த தடித்த தோலில், ஒரு கருப்புப் புள்ளி. சுற்றிலும் கன்றிப்போய் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டேன். இரும்பு. ஊசியின் மீதிப் பாதி.

"ஏய், இது குத்தியிருக்குடி. வலிக்கல?"

"எங்க?" என்றாள்.

நான் மறுபடி அழுத்தினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. வலித்து அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். "வலிக்கலையே, வலிக்கவே இல்லையே" என்று ஒருத்தி அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"புடுங்காதீங்க. டாக்டர்கிட்ட போங்க" என்றார் அடிப்பக்கம், திரும்பாமலே. "எடுத்த துண்டக் கேட்டு வாங்கிட்டு வாங்க. மறந்துடாதீங்க."

தெருமுனை டாக்டர் ஊசித் துண்டை எடுத்து, காயத்தைக் கழுவிக் கட்டுப் போட்டார். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை உச்சத்தில் இருக்கிறது, ரொம்ப நாளாகவே இருந்திருக்கும், கால் மரத்துப்போனது அதனால்தான் என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்து, மூன்று நாள் கழித்து வரச் சொன்னார். பாவம், அவர் பங்குக்கு நன்றாகத்தான் செய்தார். நான் பஞ்சில் சுற்றிய துண்டோடு வீடு வந்தேன்.

அடிப்பக்கம் போகவில்லை. நாங்கள் போயிருந்த நேரத்தில் மிஷினைப் பிரித்துப் பரப்பி, என் எஞ்சின் ஆயிலை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுப் பஞ்சை வாங்கினார். ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்தார். தீப்பெட்டியிலிருந்து அதே நம்பர் புது ஊசி ஒன்றை எடுத்துக் காகிதத்தில் வைத்தார். அதற்குப் பக்கத்தில், டிராயரில் கிடந்த மேல் பாதி. அதற்குக் கீழே, காலிலிருந்து வந்த துண்டு. நகத்தால் தள்ளித் தள்ளி உடைப்போடு உடைப்பைச் சேர்த்தார். சரியாகப் பொருந்தியது. அப்பாடா என்று நான் எழுந்தேன்.

"உக்காருங்கண்ணே."

புது ஊசி கீழே இன்னும் கொஞ்சம் நீண்டுகொண்டிருந்தது. அரை அரிசி அளவு.

"மிஷின் ஊசிக்குக் காது நுனிப் பக்கம் இருக்கும். அதுதான் அதோட பலவீனமான இடம். பாருங்க, இந்தத் துண்டுல பாதிக் காதுதான் இருக்கு. மீதிக் காதும் நுனியும் இல்ல." அவர் என்னைப் பார்த்தார். "இன்னும் உள்ள இருக்கு. கிளம்புங்க. படம் எடுக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பயம்தான் அப்படி வந்தது என்று இப்போது தெரிகிறது. "யோவ், படிச்ச டாக்டர் பாத்து எடுத்துக் கட்டுப் போட்டாச்சு. மிஷின் பாக்க வந்தவன் மிஷினப் பாரு. நீ என்ன பெரிய இவனா?"

அவர் கோபப்படவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. காகிதத்தின் மேல் விரலை வைத்தபடியே சொன்னார். "டாக்டர் காயத்தப் பாத்தாரு. நான் ஊசியப் பாக்கறேன். முழு ஊசி எவ்வளவு நீளம்னு அவருக்கு எதுக்குண்ணே தெரியணும்? எனக்குத் தெரியும். இது முழுசு இல்ல."

"பெருக்கறப்ப போயிருக்கும்யா."

"போயிருக்கும்னா? பாத்தீங்களா?"

என் வீட்டுக்காரிதான் கட்டுப் போட்ட காலை ஊன்றி எழுந்தாள். "என்னங்க, நான் தைச்ச உறையத் திருப்பித் திருப்பிப் பாத்தவரு சொல்றாரு. வாங்க, போலாம்."

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். சின்ன வயது டாக்டர் படத்தை விளக்குக்கு முன்னால் மாட்டினார். சாம்பல் நிற எலும்புகளுக்கு நடுவே, பெருவிரல் மூட்டை ஒட்டி, வெள்ளையாக ஒரு கீற்று. அரை அரிசி. எலும்பைப் பார்த்துப் படுத்திருந்தது. போட்டிருந்த கட்டைப் பார்த்தால் யாரும் எடுத்தாயிற்று என்றுதான் நினைப்பார்கள் என்றார் டாக்டர்.

"இன்னும் இருக்குன்னு யார் சொன்னாங்க?"

"தையல் மிஷின் ரிப்பேர் பண்றவரு."

நான் கேலி செய்கிறேனோ என்று டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் சொன்னார். இந்தச் சர்க்கரைக்கு, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் சீழ் எலும்புக்குப் போயிருக்கும், விரலை எடுத்தால் போதுமா, பாதத்தோடு எடுக்க வேண்டுமா என்று பேசிக்கொண்டிருப்போம். இறக்கத்தில் பிரேக் போன லாரியை ஓட்டியவன் நான். அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் அடிப்பக்கம் வந்தார். பழம் கிழம் எதுவும் கையில் இல்லை. கட்டிலருகே வந்து நலம்கூட விசாரிக்கவில்லை. "வந்துச்சா?" என்றார். நர்ஸம்மா சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்திருந்த நுனியை நீட்டினேன். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். டேப் ஒட்டிய இரண்டு துண்டுகளுக்கும் கீழே நுனியை வைத்து, நகத்தால் தள்ளி, குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"முழுசு" என்றார்.

அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்காரியின் முகத்தைப் பார்த்தார். "எப்படி இருக்கீங்கம்மா?"

நான் அவருக்கு எப்படியாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று தொண்டையைச் செருமினேன். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அவரே முந்திக்கொண்டார். "மிஷின் ஓடுதுண்ணே. வாசனை போக இன்னும் ரெண்டு நாள் ஆகும். அந்த ஆயில் டப்பாவ மட்டும் பூட்டி வைங்க."

அவள் வீடு திரும்பியபோது மிஷினில் ஒரு மாற்றம் இருந்தது. சக்கரத்தின் ஒரு கம்பியில் சிவப்புத் துணி நாடா ஒன்றைக் கட்டிவிட்டிருந்தார். முதலில் கையால் சக்கரத்தைத் தன் பக்கம் சுற்ற வேண்டும். சிவப்பு மேலிருந்து முன்னால் இறங்கி வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, அப்புறம் மிதிக்க வேண்டும். "காலு சொல்லாட்டி கண்ணு சொல்லட்டும்" என்றார். மிதிப்பது காலுக்கு ஆகுமா என்று டாக்டரிடம் கேட்டு வரச் சொன்னவரும் அவர்தான். காயம் ஆறியதும் செருப்புப் போட்டுக்கொண்டு தாராளமாக மிதிக்கலாம், நல்லதுதான் என்றார் டாக்டர். வட்டக் கண்ணாடியையும் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டார். தினமும் காலையில் அவள் அதைத் தரையில் வைத்து, மேலே காலைத் தூக்கிப் பிடித்து, அடிப்பக்கம் பார்க்கிறாள். "பூனை இல்ல, ஊசி இல்ல" என்று எனக்கு அறிக்கை வரும். நானும் இரண்டு முறை என் காலைப் பார்த்துக்கொண்டேன், அவளுக்குத் தெரியாமல்.

கண்ணாடிக்குப் பதிலாக நான் ஒரு கண்ணாடி கொண்டுபோய்க் கொடுத்தேன். பட்டறையில் சொல்லி வாங்கிய புத்தம்புது லாரிக் கண்ணாடி, முழங்கை நீளம். அவர் அதைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துவிட்டு, "இதுல மிஷினப் பாத்தா ஊரே தெரியும்ணே" என்று சிரித்தார். ஆனால் வாங்கிக்கொண்டார். அவர் வீட்டுச் சுவரில் அதை மாட்டி, அதில்தான் இப்போது அவர் மனைவி தலை சீவுகிறார்.

போன வாரம் எண்ணெய் போட வந்திருந்தார். என் வீட்டுக்காரி கேட்காமலேயே துணியை எடுத்து, அவளே திருப்பி, அடிப்பக்கம் மேலாக நீட்டினாள். ஜன்னலோரம் போனார். நகம் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஓரிடத்திலும் நிற்காமல் போனது. "ம்" என்றார். அந்த "ம்"மைக் கேட்க நான் அன்றைக்கு வேலைக்கே தாமதமாகப் போனேன். காந்தம் வட்டம் போனது. துளைக்கு ஒரு சொட்டு. அவள் சிவப்பு நாடாவைப் பார்த்து மிதித்து மூன்று முழம் தைத்தாள். டீ குடித்தார், டம்ளரைக் கவிழ்த்துப் பார்த்து வைத்தார், பையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

எண்ணெய் டப்பாவை மறந்து வைத்துவிட்டார் என்று பார்த்து, அதை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவர் வாசல்படியில் குனிந்திருந்தார். செருப்பு மாட்டுகிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பு ஏற்கெனவே காலில் இருந்தது. கையில் இருந்தது என் வீட்டுக்காரி வெளியே போட்டுப் போகும் செருப்பு. அதைக் கவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்து, அடிப்பக்கம் முழுவதும் கட்டை விரல் நகத்தை எறும்பு போகிற வேகத்தில் இழுத்துக்கொண்டே போனார். நகம் எங்கேயும் நிற்கவில்லை. அடுத்ததை எடுத்தார். அதையும் பார்த்தார். இரண்டையும் ஜோடியாக, அவள் கால் நுழைக்கத் தோதாகத் திருப்பி வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்தார்.